கடத்தும் பல்பகுதியமும் காபன் நனோக்குழாயும் கலந்த மென்படலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அதற்கு முன்பு சில வருடங்கள் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இந்தப் படலங்களோடுதான் என் பொழுது போனது. மேசையில் ஒரு கண்ணாடித் துண்டில் பச்சையும் கறுப்புமாக ஒரு படலம் இன்னும் வைத்திருக்கிறேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். வீட்டுக்கு வரும் உறவினர்களும் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிளாஸ்டிக் மின்னைக் கடத்தாது என்றுதானே படித்தோம்? பிறகு எப்படிக் "கடத்தும் பல்பகுதியம்"?

வயரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கடத்தாது, அது உண்மை. அதில் காபன்களுக்கு இடையில் ஒற்றைப் பிணைப்புகள் மட்டும்தான். இலத்திரன்கள் எல்லாம் தத்தம் பிணைப்பிலேயே கட்டுண்டு கிடக்கும். ஆனால் சில பல்பகுதியங்களின் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருட்களின்) சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, மறுபடி ஒற்றை, மறுபடி இரட்டை என்று மாறி மாறி வரும். அங்கே பை இலத்திரன்கள் (இரட்டைப் பிணைப்பின் தளர்வான இலத்திரன்கள்) சங்கிலி நெடுகப் பரவியிருக்கும்.

பரவியிருந்தால் மட்டும் போதாது. கல்முனையிலிருந்து காலையில் மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கால் வைக்க இடமில்லாமல் நிறைந்திருக்கும்போது யாரும் முன்னுக்கோ பின்னுக்கோ நகர முடியாது. நடுவில் ஒருவர் இறங்கினால் அந்த வெற்றிடத்துக்கு ஒருவர் நகர்வார், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர். இப்படி பஸ் முழுவதும் அசையத் தொடங்கும். சங்கிலியிலிருந்து சில இலத்திரன்களைப் பறித்தெடுப்பதும் அதே வேலைதான். ஒட்சியேற்றி ஒன்றைப் போட்டால் இலத்திரன் வெளியேறும், மீதி நகரும். இதற்குத்தான் மாசூட்டல் என்று பெயர்.

1967இல் தோக்கியோவில் ஹிதெகி ஷிரகாவாவின் ஆய்வுகூடத்தில் ஊக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். கறுப்புத் தூளுக்குப் பதிலாக வெள்ளிபோல மினுங்கும் பொலிஅசற்றலீன் படலம் வந்தது. 1977இல் அவரும் அமெரிக்காவின் அலன் மக்டயார்மிட், அலன் ஹீகர் ஆகியோரும் அப்படிப்பட்ட படலத்துக்கு அயடீன் ஆவியைக் காட்டியபோது கடத்துதிறன் ஏறத்தாழ 1 கோடி மடங்கு உயர்ந்தது. மூவருக்கும் 2000இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று பொலிஅசற்றலீனை யாரும் பொருள் செய்யப் பயன்படுத்துவதில்லை, காற்றில் கெட்டுவிடும். நடைமுறையில் பெரும்பாலும் இருப்பவை பொலிஅனிலீன், பொலிபிரோல், பெடொட்-பிஎஸ்எஸ் ஆகிய மூன்றும்தான். கடைசியாகச் சொன்னது பெடொட் என்ற கடத்தும் பல்பகுதியமும் பிஎஸ்எஸ் என்ற அமிலப் பல்பகுதியமும் சேர்ந்தது, 1980களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தில் பிறந்தது. நீரில் பரவி நிற்கும் கருநீல மை போல இருக்கும். ஆரம்பத்தில் புகைப்படச் சுருளில் நிலைமின் சேராமல் தடுக்கப் பூசினார்கள்.

காபன் நனோக்குழாய் என்றால் என்ன?

பென்சிலின் காரீயத்தில் (கிரபைற்றில்) அடுக்கடுக்காக இருக்கும் காபன் தாள்களில் ஒன்றை எடுத்துச் சுருட்டி ஒட்டினால் வரும் வடிவம். (அப்படிச் சுருட்டிச் செய்வதில்லை, தானாக அப்படி வளரும்.) ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டம் 1 முதல் 2 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு), நீளம் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள் இருந்தால் பல்சுவர்க் குழாய். 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா காரீய மின்வாய்களுக்கு இடையில் வில் எரித்துக் கிடைத்த கரியில் இவற்றைத் தெளிவாகக் காட்டினார். உருக்கைவிடப் பல மடங்கு இழுவிசை தாங்கும்.

சுருட்டும் கோணத்தைப் பொறுத்து ஒரு குழாய் உலோகம் போலவும் நடக்கும், குறைகடத்தி போலவும் நடக்கும். பிரிக்காமல் எடுத்த ஒற்றைச்சுவர்க் குழாய்த் தூளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோக வகை, மூன்றில் இரண்டு பங்கு குறைகடத்தி வகை. இதை ஞாபகம் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

இரண்டும் தனித்தனியாகவே கடத்துமென்றால் ஏன் கலக்க வேண்டும்?

ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்வதால். பல்பகுதியம் எங்கும் பரவும், பூசலாம், வளைக்கலாம். ஆனால் அதன் சங்கிலிகள் சோறு வடித்த பானையில் ஒட்டிய இடியப்பம் போலச் சிக்கிக் கிடப்பதால் மின் நெடுந்தூரம் ஓடாது. குழாய் நெடுந்தூரம் கொண்டுபோகும். ஆனால் குழாய்கள் வன்டர் வால்ஸ் விசையால் (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பால்) ஒன்றோடொன்று கட்டியாகிவிடும், தூளாகவே நின்றுவிடும், தனியே நல்ல படலமாகாது.

சேர்த்தால் பல்பகுதியச் சங்கிலியின் பென்சீன் வளையங்களும் குழாயின் சுவரும் பை இலத்திரன்களால் ஒன்றையொன்று ஈர்க்கும். சங்கிலி குழாயோடு நெடுக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டும்போது சிக்கிக் கிடந்த சங்கிலி நிமிர்கிறது. அதனால் பல்பகுதியமும் தன்னளவில் முன்பைவிட நன்றாகக் கடத்துகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விடயம் இதுதான். கலவையின் கடத்துதிறன் சில வேளைகளில் இரண்டும் தனித்தனியாகக் காட்டும் அளவையே தாண்டிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு குழாய் போட வேண்டும்? கூடப் போட்டால் கூடக் கடத்துமா?

இந்தக் கேள்விக்கு நான் வகுப்பில் தும்புத்தடியைத்தான் எடுப்பேன், இல்லாவிட்டால் ஈர்க்குக் கட்டை.

2 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் உள்ள தரையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 சதமமீற்றர் நீளத்துக்கு வெட்டிய தென்னை ஈர்க்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு எறியுங்கள். ஓர் எறும்பு ஈர்க்கின் மேல் மட்டும் நடந்து ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போக வேண்டும். 100 ஈர்க்கு எறிந்தால் போக முடியாது. 300 எறிந்தாலும் பெரும்பாலும் முடியாது, அங்கங்கே தீவு தீவாகக் கிடக்கும். ஏறத்தாழ 560 வரும்போது திடீரென்று ஒரு பாதை திறந்துவிடும். ஒரு சில ஈர்க்கு முன்பு வரை எதுவுமில்லை, பிறகு முழுப் பாதை. மின்னும் அப்படித்தான். கடத்தாத பல்பகுதியம் ஒன்றில் குழாயைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால் வெகுநேரம் ஒன்றும் நடக்காது. ஓர் எல்லை வந்ததும் கடத்துதிறன் கோடி மடங்கு பாயும். அந்த எல்லையை ஊடுபரவல் எல்லை என்று சொல்லலாம்.

இப்போது அதே ஈர்க்குகளைப் பாதியாக முறித்து 10 சதமமீற்றராக்குங்கள். எத்தனை வேண்டும்? இரண்டு மடங்கு என்று பிள்ளைகள் சொல்வார்கள். நான்கு மடங்கு வேண்டும், ஏறத்தாழ 2250. மொத்த ஈர்க்கு நீளத்தைக் கணக்குப் பார்த்தால் முன்பு 112 மீற்றர், இப்போது 225 மீற்றர். முறித்த ஒரே காரணத்துக்காகப் பொருள் இரு மடங்கு செலவாகிறது. ஈர்க்குக்குப் பதிலாக நெல்மணியைத் தூவினால் தரையே மஞ்சளாகிவிடும் அளவுக்குத் தூவ வேண்டியிருக்கும்.

படலத்தில் இதே கணக்கு முப்பரிமாணத்தில் நடக்கிறது. உருண்டைத் துகள்களென்றால் கனவளவில் ஏறத்தாழ 16 நூற்றுவீதம் வரை போட வேண்டும். 10 நனோமீற்றர் தடிப்பும் 10 மைக்ரோமீற்றர் நீளமும் உள்ள குழாய், நீளம் தடிப்பைப் போல 1000 மடங்கு. அதற்கு நூற்றில் ஒன்றின் பத்திலொரு பங்கே போதுமானதாகிவிடும். விலை உயர்ந்த குழாயை இவ்வளவு கொஞ்சமாகப் போட்டுக் காரியம் முடிப்பது அதன் நீளத்தால்தான்.

எல்லையைத் தாண்டிய பிறகும் கடத்துதிறன் ஏறும், ஆனால் மெதுவாக. எல்லையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறோமோ அதன் ஏறத்தாழ இரண்டாம் அடுக்குக்கு விகிதமாக. அதற்கு மேலும் கொட்டினால் குழாய் கட்டியாகும், படலம் நொறுங்கும், ஒளி புகாது. இன்னொன்று: பல்பகுதியமே கடத்துமென்றால் அந்தத் திடீர்ப் பாய்ச்சலைக் காண முடியாது, சரிவான ஏற்றமாகத்தான் தெரியும். பொலிஅனிலீன் படலத்தில் எல்லையைத் தேடி நாட்களை வீணாக்க வேண்டாம்.

ஒரு தனிக் குழாய் அவ்வளவு நன்றாகக் கடத்தும் என்கிறீர்கள். படலம் ஏன் செம்பை எட்டுவதில்லை?

சந்திகளால். ஒரு நல்ல உலோக வகைக் குழாயின் தடை, இரு முனையும் சரியாகத் தொட்டிருந்தால், 6.5 கிலோஓமுக்கு அண்மையில் வரும். அதற்குக் கீழே இயற்கையே விடாது. ஆனால் ஒரு குழாய் இன்னொன்றின் மேல் குறுக்கே கிடக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான கிலோஓம். உலோக வகைக் குழாயும் குறைகடத்தி வகைக் குழாயும் சந்தித்தால் இன்னும் பல மடங்கு. ஊறணியிலிருந்து கல்லடிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். வீதி நல்ல வீதி. சந்திக்குச் சந்தி அரை மணித்தியாலம் நிற்க வேண்டுமென்றால் வீதியின் நலனால் என்ன பயன்?

இலத்திரன் சந்தியில் ஓர் இடைவெளியைத் துளைத்துத் தாண்டுகிறது. அந்த நிகழ்தகவு இடைவெளி கூடக்கூட அடுக்குக்குறியாகச் சரியும். ஒரு நனோமீற்றரின் சிறு பின்னம் விலகினாலே தடை பல மடங்கு மாறும். கடத்தும் பல்பகுதியத்தின் வேலை அந்த இடைவெளியை நிரப்புவதுதான். கடத்தாத பல்பகுதியம் அங்கே போய் நின்றால் சுவராகிவிடும். கடத்துவது நின்றால் பாலமாகிவிடும். படலத்தின் நல்லது கெட்டது எல்லாம் சந்தியில் நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், இந்தப் பக்கத்தின் மற்றப் பதில்கள் பாதிக்கு மேல் நீங்களே சொல்லிவிடலாம்.

ஒரு ஒப்பீட்டுக்குக் கடத்துதிறனைப் பாருங்கள் (சீமென்ஸ் அதற்கான அலகில் வருவது, எண் கூடினால் நன்றாகக் கடத்தும்): கல்லடிக் கடல் நீர் சதமமீற்றருக்கு ஏறத்தாழ 0.05 சீமென்ஸ். ஒன்றும் செய்யாத பெடொட்-பிஎஸ்எஸ் 1இற்கும் கீழே. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சில துளி சேர்த்தால் சில நூறு. நன்றாகச் செய்த குழாய்க் கலவைப் படலங்களும் பொதுவாக நூறுகளிலும் ஆயிரங்களிலும். செம்பு ஏறத்தாழ 6 இலட்சம். செம்போடு போட்டிபோட இவை பிறக்கவில்லை. வளையவும், இலேசாக இருக்கவும், மையாகப் பூசவும்தான் பிறந்தன.

படலத்தை எப்படிச் செய்வது?

மூன்று படி: குழாய்களைப் பிரி, கல, பூசு. முதல் படிதான் கண்ணீர் வரவைக்கும்.

குழாய்த் தூளைத் திரவத்தில் போட்டுக் கழியொலி (காதுக்கு எட்டாத உயர் அதிர்வொலி) கொடுப்போம். கட்டி உடையும். பொறுமையில்லாமல் இன்னும் ஒரு மணித்தியாலம் கொடுத்தால் குழாயே உடையும். மேலே சொன்ன ஈர்க்கை முறிக்கும் கதை அதுதான். சோப்புப் போன்ற பரப்புக் கருவிகளைச் சேர்த்தால் எளிதாகப் பிரியும். ஆனால் பிறகு நன்றாகக் கழுவாவிட்டால் அந்தச் சோப்புச் சந்தியில் போய் உட்கார்ந்துவிடும். நைத்திரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் கலந்து கொதிக்கவைத்தாலும் பிரியும். ஆனால் குழாயின் சுவரில் ஓட்டை விழும், கடத்துதிறன் குறையும். எந்த வழியிலும் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பொலிஅனிலீனென்றால் இன்னொரு வழி உண்டு. குழாய் மிதக்கும் அமிலக் கரைசலில் அனிலீனைக் கலந்து, 0 முதல் 5 பாகை செல்சியஸில் பனிக்கட்டிக்குள் வைத்து, அமோனியம் பேர்சல்பேற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பல்பகுதியம் குழாயின் மேலேயே வளரும். எங்கள் ஊரில் பங்குனி சித்திரை வெயிலில் பனிக்கட்டிக் குளியலைத் தாங்கிப் பிடிப்பதே தனி வேலை. சூடேறிவிட்டால் சங்கிலி குறுகும், குறைபாடு கூடும்.

பூசுவதற்குச் சுழற்றிப் பூசலாம், தெளிக்கலாம், கத்தி விளிம்பால் இழுக்கலாம், வடிதாளில் உறிஞ்சி எடுக்கலாம். கண்ணாடியில் ஒரு துளி விட்டுக் காயவிடுவதுதான் எளிது. ஆனால் கோப்பித் துளி காய்ந்தால் ஓரத்தில் வளையம் விழுமே, அதேபோல் குழாயெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும்.

படலத்தின் தடையைச் "சதுரத்துக்கு ஓம்" என்று எழுதுகிறார்கள். எந்த அளவுச் சதுரம்?

எந்த அளவும். அதனால்தான் அந்த அலகு வசதியானது. ஒரே தடிப்புள்ள படலத்தில் 1 சதமமீற்றர்ச் சதுரம் வெட்டினாலும் 1 மீற்றர்ச் சதுரம் வெட்டினாலும் எதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தடை ஒன்றே. நீளம் கூடினால் தடை கூடுகிறது, அகலம் கூடினால் அதே அளவு குறைகிறது.

அளப்பதற்கு நான்கு ஊசிகளை ஒரே கோட்டில் சம இடைவெளியில் வைப்போம். வெளி இரண்டால் மின்னை அனுப்பி, உள் இரண்டால் அழுத்தவேறுபாட்டைப் பார்ப்போம். இப்படிச் செய்தால் ஊசிமுனையின் தொடுகைத் தடை கணக்கில் வராது. அகன்ற மெல்லிய படலத்துக்கு, அழுத்தவேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்து 4.53ஆல் பெருக்க வேண்டும். 1 மில்லியம்பியருக்கு 22 மில்லிவோற்று வந்தால் சதுரத்துக்கு ஏறத்தாழ 100 ஓம். படலம் 200 நனோமீற்றர் தடிப்பென்றால் கடத்துதிறன் சதமமீற்றருக்கு 500 சீமென்ஸ். தடிப்பைப் பிழையாக அளந்தால் இந்த விடையும் அதே அளவு பிழை. கடத்துதிறனைப் பெரிய எண்ணாகப் போட்டு யாராவது காட்டினால், முதலில் தடிப்பை எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் பச்சைப் படலம் ஏன் நீலமாக மாறுகிறது? மீன் பழுதானதை அதனால் கண்டுபிடிக்கலாம் என்பது உண்மையா?

பொலிஅனிலீன் அமிலத்தோடு இருக்கும்போது மரகதப் பச்சை. அப்போது கடத்தும். மூலம் (அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள்) ஒன்று வந்து புரோத்தனைப் பறித்தால் நீலமாகும், கடத்தாது. அமோனியா ஒரு மூலம். அமோனியா ஆவி பட்டால் படலம் நீலமாகும், தடை ஏறும். காற்றை மாற்றினால் மெல்லத் திரும்பும். மீன் பழுதாகும்போது பற்றீரியாக்களால் அமோனியாவும் திரைமெதைலமீனும் வெளிவரும். ஆகவே கொள்கையளவில் உண்மை. வாழைச்சேனையில் இறங்கும் மீனோ வாவி இறாலோ கொழும்புக்குப் போகும் பெட்டிக்குள் ஒரு சிறு படலத்தை ஒட்டிவைத்தால் நிலைமையைச் சொல்லும்.

இந்தக் கலவைப் படலத்தால் இரண்டு நன்மை. அறை வெப்பநிலையிலேயே வேலைசெய்யும். உலோக ஒட்சைட்டு உணரிகளைச் சூடாக்கி வைத்திருக்க வேண்டும், இதை வேண்டியதில்லை. அடுத்தது, நீலமாகிக் கடத்தலை இழக்கும் நிலையிலும் குழாய் வலை ஒரு அடித்தளக் கடத்தலை வைத்திருப்பதால் தடை அளக்க முடியாத உயரத்துக்குப் போகாது.

இனி என் கதை. நான் ஆய்வு செய்த காலத்தில் மார்கழி மாதத்தில் ஒரு தொகுதிப் படலங்களை அமோனியாவுக்குக் காட்டினேன். அழகான வளைகோடு வந்தது. ஆய்வறிக்கையில் எழுதியும் வைத்துவிட்டேன். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் மீண்டும் செய்தபோது துலங்கல் பாதியாகிவிட்டது. படலம் கெட்டுவிட்டதென்று புதிதாகச் செய்தேன், அதுவும் அப்படியே. இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் விளங்கியது. அமோனியாக் கரைசலுக்குள்ளால் காற்றை ஊதி அனுப்பியபோது அமோனியாவோடு நீராவியும் போயிருக்கிறது, மழைக்கால அறைக் காற்றின் ஈரமும் சேர்ந்திருக்கிறது. வெறும் நீருக்குள்ளால் ஊதிய காற்றை மட்டும் காட்டிப் பார்த்தேன். அதற்கும் படலம் துலங்கியது. எழுதிய பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு, ஒவ்வோர் அளவீட்டுக்கும் பக்கத்தில் ஈரக் காற்று ஒப்பீட்டைச் சேர்த்து மீண்டும் செய்தேன். வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு உணரி செய்பவர்கள் முதல் நாளிலிருந்தே ஈரப்பதனைக் குறித்துவையுங்கள் என்று நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால் இதனால்தான்.

எங்கள் ஊர்க் காற்றில் இந்தப் படலங்கள் எவ்வளவு காலம் தாங்கும்?

மூடி அடைக்காமல் வைத்தால் நீண்ட காலம் தாங்காது. பெடொட்-பிஎஸ்எஸ்ஸில் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதி ஈரத்தை உறிஞ்சும், வீங்கும், சந்திகள் விலகும். அது அமிலத்தன்மையும் உள்ளதால் கீழே இருக்கும் மின்வாயையும் அரிக்கும். பொலிஅனிலீனுக்கு ஐதரோகுளோரிக்கமிலம் போட்டிருந்தால் 100 பாகையைத் தாண்டிச் சூடாக்கும்போது அமிலம் ஆவியாகிப் போய்விடும். பெரிய மூலக்கூறுள்ள சல்போனிக்கமிலங்கள் அப்படிப் போகாது, ஆகவே அவற்றைப் போடுவது நல்லது. குழாயைப் பொறுத்தவரை கவலையில்லை. வெயிலும் ஈரமும் முதலில் தொடுவது பல்பகுதியத்தைத்தான்.

கல்லடிப் பாலம் போன்றவற்றில் இதைப் பயன்படுத்தலாமா?

1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்துத்தான் ஒரு மாணவி இதைக் கேட்டாள். இரண்டு வழியில் பயன்படும். ஒன்று, நீட்சி உணரி. படலத்தை உருக்கின் மேல் ஒட்டினால், உருக்கு நீளும்போது படலமும் நீளும், சந்திகள் விலகும், தடை ஏறும். சாதாரண உலோகத் தகட்டு உணரியில் நீட்சிக்குத் தடை காட்டும் பெருக்கம் ஏறத்தாழ 2. குழாய்ப் படலங்களில் அதைவிடப் பெரிதாக்கலாம், ஏனென்றால் துளைத்துத் தாண்டும் நிகழ்தகவு அவ்வளவு கூர்மையாக மாறுகிறது. குழாய் ஊடுபரவல் எல்லைக்குச் சற்று மேலே மட்டும் இருந்தால் உணர்திறன் அதிகம். இங்கே கூடப் போடுவது பிழை.

மற்றது துருத் தடுப்பு. பொலிஅனிலீன் பூசிய உருக்கின் மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படை உறுதியாக நிற்க உதவுவதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் காட்டி வருகிறார்கள். ஆனால் பூச்சு கீறுப்பட்டு உப்புநீர் உள்ளே போனால், கடத்தும் பூச்சு சில வேளை அரிப்பை விரைவுபடுத்தவும் கூடும். உப்புக்காற்றில் நிற்கும் பாலத்துக்கு இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

மருதமுனைத் தறியில் நெய்யும் நூலை இப்படிக் கடத்தவைக்க முடியுமா?

முடியும், அதுவும் நீங்கள் நினைப்பதைவிட எளிதாக. பருத்தி நாரின் மேற்பரப்பில் ஐதரொட்சில் கூட்டங்கள் நிறைய இருக்கின்றன, நீரில் பரவிய குழாய் மை அதில் நன்றாகப் பிடிக்கும். 2010இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் பருத்தித் துணியை ஒற்றைச்சுவர்க் குழாய் மையில் தோய்த்துக் காயவைத்து, சதுரத்துக்கு 1 ஓமுக்கும் குறைந்த தடையைக் காட்டினார்கள். தோய், பிழி, காயவை. சாயத்தொட்டி தெரிந்தவர்களுக்குப் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். துணி கறுப்பாகத்தான் வரும், அந்தக் கறுப்பை மறைக்கும் சாயம் கிடையாது. சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, பொலிஅனிலீன் பூசியிருந்தால் முதல் சலவையிலேயே நீலமாகிக் கடத்தலை இழக்கும். பெடொட்டும் குழாயும் கலந்த பூச்சு அதைவிட நன்றாகத் தாங்கும். சாரம் முழுவதையும் பூச வேண்டிய அவசியமும் இல்லை. பாவில் இரண்டு இழை கடத்தினால் போதும், மூச்சையோ நாடித்துடிப்பையோ அளக்கலாம். நெசவாளர் கைக்கு வர வேண்டிய நூல் இது என்று நான் மனதார நம்புகிறேன். எந்த இழை எங்கே போக வேண்டும் என்பதைத் தறியில் இருப்பவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஆய்வுகூடத்தில் இல்லை.

அரிசி ஆலையில் வீணாகும் சூட்டிலிருந்து மின் எடுக்கலாமா?

சிறிதளவு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருந்தால் படலத்தில் அழுத்தவேறுபாடு தோன்றும். ஒரு பாகைக்கு 40 மைக்ரோவோற்றுத் தரும் படலத்துக்கு 40 பாகை வித்தியாசம் கொடுத்தால் 1.6 மில்லிவோற்று. 100 துண்டுகளைத் தொடராக இணைத்தாலும் 160 மில்லிவோற்றுத்தான். சம்மாந்துறை ஆலையின் கொதிகலனில் சுற்றினால் ஒரு வெப்பநிலை உணரிக்குப் போதுமான வலு வரலாம். மின்குமிழ் எரியாது.

ஆனாலும் கருத்து அழகானது. நல்ல வெப்பமின் பொருள் மின்னை விட வேண்டும், சூட்டை விடக் கூடாது. உலோகங்களில் இரண்டும் சேர்ந்தே ஓடும். இங்கே சந்திகள் உதவுகின்றன: பல்பகுதியம் நிரப்பிய சந்தியால் இலத்திரன் தாண்டிவிடும், சூட்டைக் கொண்டுபோகும் அதிர்வுகள் அங்கே சிதறிவிடும்.

மின்கலம் போல மின்னைச் சேமிக்குமா?

மிகைக்கொள்ளளவிகளில் (மின்னேற்றத்தை விரைவாக ஏற்றி இறக்கும் சேமிப்புக் கருவிகளில்) பயன்படும். பொலிஅனிலீன் ஒட்சியேறியும் தாழ்ந்தும் நிறைய ஏற்றத்தைப் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் வீங்கிச் சுருங்குவதால் சில ஆயிரம் சுற்றில் வெடித்துத் தளரும். குழாய் வலை கம்பி போட்ட சீமெந்து போல அதைப் பிடித்துவைக்கும்.

நனோக்குழாய் ஆபத்தானதா?

தூளாக இருக்கும்போது கவனமாக இருக்க வேண்டிய பொருள். நீண்ட, நேரான, விறைப்பான பல்சுவர்க் குழாய்கள் எலிகளின் உடற்குழி உறையில் அஸ்பெஸ்டஸ் நார் போன்ற அழற்சியை ஏற்படுத்தியதை 2008இல் காட்டினார்கள். 2014இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒரு குறிப்பிட்ட பல்சுவர் வகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற வகைகளை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, 8 மணித்தியால வேலையில் காற்றின் ஒரு கனமீற்றருக்கு 1 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு.

ஆகவே தூளை மூடிய பெட்டிக்குள் நிறுக்க வேண்டும், கூடிய சீக்கிரம் திரவத்தில் நனைத்துவிட வேண்டும், சாதாரணத் துணி முகக்கவசத்தை நம்பக் கூடாது. படலமாகி பல்பகுதியத்துக்குள் கட்டுண்ட பிறகு கையால் தொடலாம். உரசித் தேய்க்கவோ அரத்தால் அராவவோ எரிக்கவோ வேண்டாம். அனிலீனும் தோலால் உள்ளே போய் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதைக் கெடுக்கும். இந்த இரண்டையும் வீட்டில் வைத்துச் செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. அங்கே படிக்கப் போகும்போது புகைக்கூண்டின் கீழே செய்யுங்கள்.

அப்படியானால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், பென்சிலால். 6பி பென்சிலின் கரியைச் சுரண்டித் தூளாக்கி, தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையில் கலந்து கடதாசிப் பட்டைகளில் பூசுங்கள். முதல் பட்டையில் தூள் கொஞ்சம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம் என்று ஆறேழு பட்டை. ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள், மழை நாளென்றால் இரண்டு நாள். ஈரப் பசையே கடத்தும், அது உங்களை ஏமாற்றிவிடும். பிறகு மல்டிமீற்றரால் தடையைப் பாருங்கள். முதல் சில பட்டைகளில் ஒன்றும் வராது, ஏதோ ஒன்றில் திடீரென்று எண் தோன்றும். காரீயம் குழாய் போல நீளமில்லாததால் நிறையத் தூள் தேவைப்படும், பொறுமையாகச் செய்யுங்கள்.

பென்சிலும் கடதாசியும் மட்டும் இருந்தால், தடித்த கடதாசியில் ஒரு விரல் அகலப் பட்டையை அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கி, இரு முனையிலும் மீற்றரின் கவ்வியை மாட்டுங்கள். கறுப்புப் பக்கம் வெளியே இருக்கும்படி வளைத்தால் எண் ஏறும், உள்ளே இருக்கும்படி வளைத்தால் இறங்கும். ஒவ்வொரு முறையும் எண்ணோடு அன்றைய நாளையும் மழையா வெயிலா என்பதையும் கொப்பியில் எழுதுங்கள்.